‘இண்டைக்கு இரவு போகத் தேவையில்லை’ என்று சொன்னவள் நான்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு சகோதரி ஏழு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் அலுவலகமும் தெரியாதபடி சில விவரங்களை அவருடைய சம்மதத்தோடு மாற்றிவிட்டு, சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 33. கணவருக்குத் தனியார் வேலை, நான்கு வயதில் ஒரு மகள், தாயும் கூடவே இருக்கிறார். பட்டம் முடித்து அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகம் ஒன்றில் சேர்ந்தவரை ஆறு வருடத்துக்கு முன் அனர்த்த வேலைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். போன மாரியில் ஒரு நாள் பின்னேரம், குளத்து நீர்மட்டம் மெதுவாகத்தான் ஏறுகிறது என்று மேலிருந்து வந்த தகவலை நம்பி, தாழ்ந்த இடத்திலுள்ள ஒரு கிராமத்து ஆட்களிடம் ‘இண்டைக்கு இரவு போகத் தேவையில்லை, சாமான்களைக் கட்டி வைச்சிருங்க’ என்று சொல்லியிருக்கிறார். இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. இருட்டில் தோணி கொண்டுபோய் எல்லோரையும் எடுத்தார்கள். படுக்கையில் கிடந்த ஓர் அம்மம்மாவைத் தூக்கி வரும்போது கைதவறி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஒரு கிழமையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். செத்த வீட்டில் அந்த அம்மம்மாவின் மகள் எல்லோருக்கும் முன்னால் ‘நீதானே போகத் தேவையில்லை எண்டு சொன்னாய்’ என்று கேட்டிருக்கிறார்.

அதே கிழமை இந்தச் சகோதரியின் சொந்த வீட்டுக்குள்ளும் முழங்காலளவு தண்ணீர். தாயும் மகளும் பக்கத்து வீட்டு மாடியில் இருக்க, இவர் பாடசாலை முகாமில் சமைத்த உணவுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதுக்குப் பிறகு நிவாரணப் பட்டியல் பிரச்சினை. பெயர் விடுபட்ட ஒருவர் இவருடைய படத்தை பேஸ்புக்கில் போட்டு ‘கள்ளி’ என்று எழுதிவிட்டார்.

இப்போது நான்கு மாதம். தகரத்தில் மழை விழுந்தால் நித்திரை இல்லை. இரவில் போன் அடித்தால் நெஞ்சு படபடக்கிறது. அந்தக் கிராமத்து வீதியால் போகாமல் சுற்றுப்பாதையால் மோட்டார் சைக்கிளில் போகிறார். மகள் ஒரு கோப்பை தண்ணீரைக் கொட்டினாலும் கத்துகிறார், பிறகு தனியே இருந்து அழுகிறார். அவர் கேட்பது நான்கு கேள்வி. ‘வேலையை விடட்டா? எனக்கு விசர் பிடிக்கப் போகுதா? கிளினிக்குக்குப் போனால் பெர்சனல் பைலில் ஏறுமா? அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாமா?’

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்து மூன்று தரம் வாசித்தேன். வேலையை விடுவதா என்றுதான் முதலில் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் ஏழு பக்கத்தில் அஞ்சு பக்கம் அந்த ஒரு இரவைப் பற்றித்தான். அதனால் நானும் அங்கேயிருந்துதான் தொடங்குகிறேன், வேலையைப் பற்றிக் கடைசியில் கதைப்போம். அந்த இரவைச் சுமந்துகொண்டு வேலையைப் பற்றி முடிவெடுத்தால் அது அந்த இரவிலிருந்து தப்பி ஓடுகிற முடிவாகத்தான் இருக்கும், அது நல்ல முடிவாக அமைவது அபூர்வம்.

அந்த இரவில் உங்கள் பங்கு எவ்வளவு

‘உங்களில் ஒரு பிழையும் இல்லை’ என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உங்கள் கணவரும் தாயும் நூறு தரம் சொல்லியிருப்பார்கள், அது உதவவில்லை. அதனால் ‘பிழை எனது’ என்று மொத்தமாக எழுதி வைத்திருக்கிறீர்களே, அதைப் பிரித்துப் பார்ப்போம்.

உங்களுக்குக் கிடைத்த தகவல் பின்னேரம் ஆறு மணி நிலவரம். எங்கள் பக்கத்து வெள்ளம் எங்கள் தலைக்கு மேல் பெய்கிற மழையால் மட்டும் வருவதில்லை என்பது ஆறு வருடம் களத்தில் நின்ற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மகாஓயாப் பக்கம் மலையில் பெய்வது முந்தனையாற்றால் மணித்தியாலக் கணக்கில் பிந்தி வந்து சேரும். குளம் நிரம்பினால் வான்கதவைத் திறக்காமல் இருக்க முடியாது, திறக்காவிட்டால் அணைக்கட்டே போய்விடும். முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நின்றால் வாவி வடியாது. இத்தனையும் சேர்ந்து நள்ளிரவில் என்ன செய்யும் என்று கணிப்பது நீர்ப்பாசனத் திணைக்களம், வளிமண்டலவியல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் என்று பல இடங்களின் வேலை. அந்தச் சங்கிலியில் கடைசி வளையம் நீங்கள். ஆட்களின் முகத்துக்கு நேரே நிற்கிற வளையமும் அதுதான், அதனால் கோபம் முழுக்க உங்களில் வந்து விழுந்தது.

இன்னொன்று. முதல் தகவல் சிங்களத்தில் வந்தது, தமிழில் வரப் பிந்திவிட்டது, ‘என்ர சிங்களம் காணாது, அதுதான் பிழைச்சது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கட்டாயம் திருத்த வேண்டும். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. மட்டக்களப்புக்கு வருகிற உயிர் காக்கும் தகவல் தமிழிலும் உடனே வர வேண்டும் என்பது நீங்கள் இரந்து கேட்கிற உதவி இல்லை, உங்களுக்கும் அந்தக் கிராமத்துக்கும் உள்ள உரிமை. அது நடக்கவில்லை என்றால் திகதியையும் நேரத்தையும் போட்டு உங்கள் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அது முறைப்பாடு போலத் தெரிந்தாலும் பரவாயில்லை, அடுத்த மாரிக்கு முன் அது யாருடைய மேசையிலாவது இருக்க வேண்டும்.

சரி, உங்களுடைய பங்கு? இருக்கிறது, சின்னதாக. ‘போகத் தேவையில்லை’ என்று முடித்துச் சொன்னது. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டீர்கள். ஆட்கள் பயந்து போய் நிற்கும்போது அவர்களை ஆறுதல்படுத்த வாய் தானாக அப்படிச் சொல்லும், எனக்கும் அப்படி வந்திருக்கிறது. அடுத்த தரம் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லுங்கள்: ‘ஆறு மணிக்கு மட்டம் இவ்வளவு. இரவைக்கு என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியாது. பத்து மணிக்குத் திரும்பக் கேட்டுச் சொல்லுவன். படுக்கையில இருக்கிற ஆட்கள், கைப்பிள்ளைக்காரர், வயிற்றுப்பிள்ளைக்காரர் இப்பவே பாடசாலைக்கு வாங்க.’ நடக்க முடியாதவர்களை வெளிச்சத்தில் எடுப்பது, மற்றவர்களை விழிப்பாக வைத்திருப்பது. எந்தத் தகவல் எத்தனை மணிக்கு யாரிடமிருந்து வந்தது, நீங்கள் யாருக்கு என்ன சொன்னீர்கள் என்று ஒரு சின்னக் கொப்பியில் எழுதியும் வையுங்கள். நாளைக்கு விசாரணை என்று வந்தால் அது உங்களைக் காக்கும். அதைவிட, இரவு மூன்று மணிக்கு நெஞ்சுக்குள் விசாரணை நடக்குமே, அதற்கும் அந்தக் கொப்பி சாட்சி சொல்லும்.

சுனாமிக்குப் பிறகு, 2005 இல், கல்லடி, நாவலடிக் கரையோரத்து ஆட்கள் இருந்த முகாம்களில் மாதக்கணக்காகக் கதைத்திருக்கிறேன். ‘நான் ஏன் கையை விட்டேன்’ என்று கேட்காத தாய் குறைவு. சுனாமி வந்த அன்றைக்கு, 2004 டிசம்பர் 26, காலை 6.58 இற்கு சுமாத்திராப் பக்கம் பூமி அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. அவ்வளவு நேரமிருந்தும் ஒருவருக்கும் ஒரு வார்த்தை வரவில்லை, ஏனென்றால் சொல்வதற்கென்று ஒரு ஏற்பாடே நாட்டில் இருக்கவில்லை. ஆனால் அந்தத் தாய்மார் ஏற்பாட்டைக் குற்றம் சொல்லவில்லை, தங்கள் கையைத்தான் குற்றம் சொன்னார்கள். 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், மாவட்டம் மாவட்டமாக வந்த பிரிவுகளும், நீங்கள் இருக்கிற அந்தக் கதிரையும் அதுக்குப் பிறகு வந்தவை. ஒரு கூட்டு ஏற்பாட்டின் ஓட்டையைத் தனி ஆள் தன் கைப்பிழையாகச் சுமப்பதை அன்றைக்கு நிறையப் பார்த்தேன், இன்றைக்கு உங்கள் கடிதத்தில் திரும்பவும் பார்க்கிறேன்.

உடம்பு சொல்வது

விசர் பிடிக்கப் போவதில்லை. பெரிய ஆபத்தொன்றைக் கடந்த உடம்பு இன்னும் அந்த இரவிலேயே காவல் நின்றுகொண்டிருக்கிறது, மழைச் சத்தமும் போன் சத்தமும் அதற்கு அபாய மணி. இப்படியான சம்பவத்துக்குப் பிறகு முதல் சில கிழமைகள் அநேகமான எல்லோருக்கும் இது இருக்கும், பெரும்பாலானோருக்குத் தானாகவே அடங்கிவிடும். உங்களுக்கு நான்கு மாதம் ஆகிறது, நித்திரை கெடுகிறது, வீதியைத் தவிர்க்கிறீர்கள், பிள்ளையில் கோபம் பாய்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குழப்பினால் ‘தானாகப் போய்விடும்’ என்று காத்திருக்கக் கூடாது, ஒரு மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டும். இதற்கென்றே அமைந்த பேச்சுவழிச் சிகிச்சைகள் இருக்கின்றன, நன்றாகப் பலன் தருகின்றன.

கணவர் பார்மசியில் வாங்கித் தந்த நித்திரைக் குளிசையைப் பற்றி எழுதினீர்கள். அவர் அன்பினால்தான் செய்திருக்கிறார், ஆனால் அந்தக் குளிசை காவல் நிற்கிற மனத்தை ஆற்றாது, சில வகை பழக்கமாகவும் போய்விடும். கிட்டத்தட்ட தினமும் போடுகிறீர்கள் என்பதால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், பெட்டியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அலுவலகத்தில் எல்லோரையும் வட்டமாக இருத்தி ஒவ்வொருவராக நடந்ததைச் சொல்ல வைத்தார்கள், அன்றைக்கு இன்னும் மோசமாகிவிட்டது, அதனால் ‘கவுன்சலிங் எனக்குச் சரிவராது’ என்று முடிவெடுத்துவிட்டீர்கள். அது சிகிச்சை இல்லை, தங்கச்சி. அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பின்னாளில் வருகிற பாதிப்பைத் தடுக்காது, அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. நல்ல ஆலோசகர் உங்கள் வேகத்துக்கு நடப்பார்.

பெர்சனல் பைல் பயத்துக்கு வருவோம். நீங்கள் கிளினிக்குக்குப் போவதை எந்த வைத்தியரும் உங்கள் அலுவலகத்துக்கு அறிவிப்பதில்லை. கிளினிக் கொப்பி உங்கள் கையில் இருக்கும். மருத்துவ லீவு போட்டால் மட்டும் மருத்துவச் சான்றிதழ் அலுவலகத்துக்குப் போகும், அதில் என்ன எழுதப்படும் என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை செய்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் அலுவலகத்தில் இருப்பவரோடு தினமும் ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பதால் கூச்சமாக இருக்கும், பக்கத்துப் பிரதேசத்தில் உள்ளவரைப் பாருங்கள், அதில் தவறில்லை. இரவு நேரத்தில் தாங்க முடியாமல் வந்தால், ‘நானும் போயிட்டா என்ன’ என்ற மாதிரி ஒரு யோசனை எட்டிப் பார்த்தால்கூட, 1926 இற்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. ஏழு பக்கத்தில் ஓரிடத்தில் அந்த யோசனையின் நிழல் எனக்குத் தெரிந்தது, அதனால்தான் நேரே கேட்கிறேன். அது உண்மையென்றால் கிளினிக் நாள் வரும் வரை காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே கணவரிடம் சொல்லி ஒன்றாக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்னேரம் தொடங்கி விடிய வரை நித்திரையில்லாமல் முகாம் வேலை செய்துவிட்டு, வெள்ளம் பாய்கிற வீதியில் தனியே மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்து எனக்குப் பயம் பிடித்தது. 17 மணித்தியாலம் கண் மூடாத ஒருவருடைய கையும் கண்ணும் மது குடித்தவருடையது போலத்தான் வேலை செய்யும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வாகனம் ஓட்டவும் கூடாது, ஒரு கிராமத்தின் உயிரைப் பற்றி முடிவெடுக்கவும் கூடாது. முறை மாற்றி வேலை போடச் சொல்லிக் கேட்பது சோம்பல் இல்லை.

‘சும்மா ஓட வைச்சாங்க’

அந்த இரவுக்குப் பிறகு நீங்கள் இரண்டு தரம் ஆட்களை வெளியேறச் சொல்லி, தண்ணீர் வரவில்லை, சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ‘இனி என்னை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க’ என்பது உங்கள் முடிவு. 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் அதிர்ந்து, சுனாமி எச்சரிக்கை வந்து, கரையோரம் முழுக்க எழுந்து ஓடினோம், நானும்தான். ஊரை அழிக்கிற அலை ஒன்றும் வரவில்லை. பின்னேரம் திரும்பி வரும்போது முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள், அடுத்த எச்சரிக்கைக்கும் ஓட ஆயத்தமாகத்தான் இருந்தார்கள். வராமல் போன வெள்ளத்தை ஊர் மன்னிக்கும், ஏன் சொன்னீர்கள் என்ற காரணத்தை அடுத்த நாள் போய் விளக்கினால். ‘மட்டம் இவ்வளவுக்கு வந்தது, கதவு திறக்கக்கூடும் எண்டு சொன்னாங்க, மழை விட்டதால திறக்கேல்ல’ என்று கோயில் முன்றலில் நின்று சொல்ல அஞ்சு நிமிடம் போதும். ஆனால் பயத்தில் ஒவ்வொரு மழைக்கும் கத்தினால் அது வேறு. அது எச்சரிக்கை இல்லை, உங்கள் நோய் கதைக்கிறது, சிகிச்சையோடு அது குறையும்.

பேஸ்புக் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவைப் படமெடுத்து வையுங்கள், பதில் எழுதப் போகாதீர்கள், பிரதேச செயலாளருக்கு எழுத்தில் அறிவியுங்கள். பட்டியல் உங்கள் தனிச் சொத்து இல்லை, அதில் கிராம உத்தியோகத்தர் தொடக்கம் பலருடைய கையெழுத்து இருக்கிறது. யாருக்கு என்ன அடிப்படையில் நிவாரணம் என்பதைப் பலகையில் ஒட்டிவிடச் சொல்லுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆட்கள் அதைக் கேட்கலாம், கேட்க முதலே நீங்கள் காட்டிவிட்டால் பாதிக் கோபம் அடங்கும். மிரட்டல் வந்தால் மட்டும் பொலிஸ்.

வேலையை விடுவதா

இப்போது வேண்டாம். நான் ‘விடாதே’ என்று சொல்லவில்லை, ‘இந்த மனநிலையில் முடிவெடுக்காதே’ என்று சொல்கிறேன். ஆறு வருடச் சேவையோடு ராஜினாமா எழுதினால் ஓய்வூதியம் அதோடு போய்விடும், திரும்பிச் சேர்வதும் லேசில்லை. நீங்கள் சொல்லும் தொண்டு நிறுவன வேலை சம்பளத்தில் கூடத்தான், ஆனால் திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும், அதுவும் இதே வெள்ளத்தில் இதே ஆட்களோடு செய்கிற வேலை. அந்த இரவு உங்களோடு அங்கேயும் வரும்.

இடையில் ஒரு வழி இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. அடுத்த மாரிக்கு மட்டும் களத்துக்குப் போகாமல் அலுவலகத்துக்குள் தகவல் பதிவு, களஞ்சியம், கணக்கு என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். இடமாற்றத்தைவிட இது சின்னக் கோரிக்கை, பெரும்பாலும் அலுவலகத்துக்குள்ளேயே முடிக்கலாம். சித்திரையிலிருந்து ஆவணி வரை சிகிச்சைக்குப் போங்கள். புரட்டாதியில், வானம் கறுக்க முதல், கணவரோடு இருந்து முடிவெடுங்கள். அப்போது நித்திரை திரும்பியும் வேலை பிடிக்கவில்லை என்றால் தாராளமாக விடுங்கள், நான் உங்களைக் குறை நினைக்க மாட்டேன்.

‘இது பொம்பிளைக்கு ஏற்ற வேலை இல்லை’ என்று கணவர் சொல்கிறார் என்பதற்கும் ஒரு வார்த்தை. முகாமில் மாதவிடாய்த் துணி இல்லை என்று எத்தனை பெண்கள் ஓர் ஆண் உத்தியோகத்தரிடம் வந்து சொல்வார்கள்? மலசலகூடத்துக்கு இரவில் வெளிச்சம் இல்லை என்று முதலில் கண்டது நீங்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கணவரின் பேச்சுக்கு அடியில் வேறொன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள்: தண்ணீர் வீட்டுக்குள் வந்த நேரம் நீங்கள் இல்லை, அவர் பயந்துபோனார். அந்தப் பயம் நியாயம். இந்த வருடம் உங்கள் வீட்டுக்கும் ஒரு திட்டம் போடுங்கள். எந்த மட்டத்தில் தாயும் மகளும் கிளம்புவது, யார் வீட்டுக்கு, யாருடைய வாகனத்தில், அடையாள அட்டையும் காணி உறுதியும் எந்தப் பையில். ஊருக்கெல்லாம் செய்துகொடுத்ததை உங்கள் வீட்டுக்குச் செய்யவில்லை. அது முடிந்தால் அவருடைய எதிர்ப்பு எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள்.

அந்த வீடு

போகலாம். ஆனால் இப்போதே இல்லை, அந்த வீதியால் நெஞ்சு படபடக்காமல் போக முடிகிற நாளில். 31 ஆம் நாளுக்குப் போக முடியவில்லை என்று வருந்துகிறீர்கள், வருடம் முடிய வருகிற ஆட்டத்திவசத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதற்கு முன் ஒரு நாள் போங்கள். அந்த ஊர் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, அந்த மகளுக்கு விருப்பமா என்று முதலில் கேட்டு விடுங்கள். விருப்பமில்லை என்றால் போக வேண்டாம், அது அவருடைய உரிமை.

மன்னிப்பு வாங்கிக்கொண்டு வருவதற்காகப் போகாதீர்கள். மன்னிக்கிற வேலையையும் அந்தப் பிள்ளையின் தலையில் வைக்க முடியாது, அவர் தாயை இழந்தவர். எத்தனை மணிக்கு என்ன தகவல் வந்தது என்றெல்லாம் விளக்கவும் வேண்டாம், அவர் கேட்டால் மட்டும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘அம்மாவை வெளிச்சத்திலேயே எடுத்திருக்க வேணும், நான் அப்படிச் சொல்லேல்ல, எனக்கு அது தாங்கேலாமல் இருக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். ஏசினால் இருந்து கேளுங்கள், அழுதால் பக்கத்தில் இருங்கள். தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள். அலுவலக ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டாம்.